காட்டாற்றின் இந்தக் கரை

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் தம்பி அம்பத்தூரில் ஏதோ கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை செய்கிறார். போன வாரம் நண்பர்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்தார். மூன்று பேரும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலையில் சில நாட்கள் நடக்கப் போகிறார்களாம். "அங்கிள், நீங்க அந்தக் காலத்துல கம்பெனி ஆளுங்களை மலைக்குக் கூட்டிட்டுப் போவீங்களாமே. எங்களுக்கும் ஒரு பிளான் போட்டுக் குடுங்களேன்" என்றார். நான் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். எந்தப் பை வாங்கலாம், எந்த ஷூ நல்லது என்று கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னேன். அவர்கள் போன பிறகுதான் சொல்ல வேண்டியது அதுவல்லவே என்று பட்டது. திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச உடம்பில் தெம்பில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செட் செய்யும் ஒரு கம்பெனியில் நலப்பிரிவு உதவியாளராகச் சேர்ந்தேன். பெயர்தான் பெரிது. கேண்டீனில் சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று சண்டை வந்தால் நான் போக வேண்டும். யாருக்காவது மெஷினில் விரல் மாட்டினால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு நான் ஓட வேண்டும். அவருடைய வீட்டுக்குப் போய்ச் சொல்வதும் நான்தான். இந்த வேலைகளுக்கு நடுவே வருஷத்துக்கு ஒருமுறை மலைப்பயணம் என்று ஒன்று வந்து சேர்ந்தது. அதைக் கொண்டுவந்தவர் எங்கள் வெல்ஃபேர் ஆபீசர் ஜெகதீசன்.

ஜெகதீசன் சார் வேலூர்ப் பக்கத்துக்காரர். ராணுவத்தில் பல வருஷம் வடக்கே மலைப்பகுதிகளில் இருந்துவிட்டு வந்தவர். குளிரில் கெட்டுப்போன நுரையீரலோடு திரும்பியிருந்தார். எங்கள் ஆபீஸ் மாடிப்படி ஏறினாலே நடுவில் நின்று மூச்சு வாங்குவார். அவரால் எந்த மலைக்கும் வர முடியாது. ஆனால் எங்கள் பயணம் ஒவ்வொன்றையும் அவர்தான் போட்டார். அம்பத்தூரின் மட்டமான தரையில், தகரக் கூரை போட்ட ஒரு அறையில் உட்கார்ந்துகொண்டு, எங்கே வழுக்கும், எங்கே மூச்சு முட்டும், எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று சொல்வார்.

வரைபடத்தில் மலையின் உயரத்தைக் காட்டும் வளைகோடுகளை எங்கள் ஆட்களுக்குப் புரியவைக்க நான் முதலில் திண்டாடினேன். ஜெகதீசன் சார் அதை டிராயிங் ஆபீசுக்குக் கொடுத்தனுப்பினார். அங்கே இருந்தவர்கள் அந்தக் கோடுகளை வைத்து, மலையை நெடுக்காக வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல வரைந்து, ப்ளூபிரிண்ட் என்கிற நீல அச்சு எடுத்துக் கொடுத்தார்கள். பம்பின் குறுக்குவெட்டுப் படத்தைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு மலையின் குறுக்குவெட்டு உடனே விளங்கிவிட்டது. "இந்த எடத்துல நட்டுக்குத்தலா கீது சார்" என்று செங்குத்தான இடத்தில் விரல் வைத்துச் சொன்னார்கள். அதற்குப் பிறகு பாதையைப் பற்றி நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

நடந்து பழக எங்களுக்கு மலை ஏது? பையில் மணலைக் கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்பத்தூரிலிருந்து ஏரிக்கரைகளைப் பிடித்துத் திருநின்றவூர் வரை நடப்போம். ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி தண்ணீர்த் தொட்டியின் ஏணிப்படியில் ஏறி இறங்குவோம். எங்களைப் பார்த்து ஒரு டீக்கடைக்காரர், "இன்னா நைனா, ஊட்டக் காலி பண்ணிகினு போறீங்களா?" என்று கேட்டது நினைவிருக்கிறது. பைகள் ஆவடியில் பழைய ராணுவச் சாமான் விற்கிற கடையில் வாங்கியவை. கித்தான் துணி. மழையில் நனைந்தால் மணல் மூட்டையைவிடக் கனக்கும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் கேண்டீன் மேஜைகளைத் துடைத்துவிட்டு ஒவ்வொருவரும் தன் பையைக் கொட்ட வேண்டும். ஜெகதீசன் சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். குரலை உயர்த்த மாட்டார். உயர்த்தவும் அவருக்கு மூச்சு போதாது. கொட்டிய சாமான்களை மூன்று குவியலாகப் பிரிப்பார். "இது உசுருக்கு. இது உடம்புக்கு. இது மனசுக்கு." உயிருக்கான குவியலில் தீப்பெட்டி, கத்தி, விசில், பிளாஸ்டிக் ஷீட், கம்பளி, சமைக்காமல் சாப்பிடக்கூடிய அவலும் பொரிகடலையும் இருக்கும். உடம்புக்கானதில் மாற்றுத்துணி, அட்டைப்பூச்சி ஏறாமல் இருக்கப் புகையிலைத் தூள், சமையல் சாமான். மனசுக்கானதில் சீட்டுக்கட்டு, டிரான்சிஸ்டர், ஊறுகாய் பாட்டில், சினிமாப் புத்தகம் என்று என்னென்னவோ கிடக்கும். அந்தக் குவியலிலிருந்து ஒரே ஒரு பொருளைத்தான் எடுத்துக்கொள்ளலாம். எதை எடுப்பது என்று ஆட்கள் திணறுவதை அவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவசரப்படுத்த மாட்டார். அந்த நேரத்தில் அவர் சாமான்களைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்க்கிறார் என்பது எனக்குப் புரியப் பல வருஷம் ஆயிற்று.

அவரிடம் ஒரு விஷயத்துக்காக நான் சண்டை போட்டதுண்டு. அடுப்பை ஒருவர், அரிசியை ஒருவர், ஷீட்டை ஒருவர் என்று பிரித்துத் தூக்கினால் எல்லாருக்கும் சுமை குறையும் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "உசுருக்கானது ஒவ்வொருத்தன் முதுகுலயும் இருக்கணும்பா. மத்ததைப் பிரிச்சுக்க" என்றார். ஆட்கள் முணுமுணுத்தார்கள். கனத்தைத் தூக்கப் போவது அவரா என்று என் மனசிலும் ஓடியது.

இன்னொன்று, திரும்பும் இடம். எந்தப் பயணத்துக்கும் எந்த நிலைமையில் மேலே போகாமல் திரும்ப வேண்டும் என்பதைப் புறப்படும் முன்பே பேசி முடிவு செய்துவிட வேண்டும் என்பார். "அங்க போய் நின்னுகிட்டு யோசிச்சா ஆசைதான் யோசிக்கும்" என்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பெரிய பயணம் போட்டோம். கொடைக்கானலுக்கு மேற்கே காட்டுக்குள் புகுந்து, சோலைகளையும் புல்வெளிகளையும் தாண்டி, கேரள எல்லையில் இருக்கும் ஒரு முகடு வரை நடப்பது. அங்கிருந்து பார்த்தால் அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும் என்று வனத்துறையில் சொன்னார்கள். முகட்டுக்குக் கீழே ஒரு காட்டாறு குறுக்கிடும். தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தால் திரும்பிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டோம். வனத்துறை அனுமதி கிடைக்கவே பல மாதம் ஆயிற்று. அந்தத் தடவை ஆட்களை அழைத்துப் போகும் பொறுப்பு என்னுடையது.

வந்தவர்களில் கோதண்டன் என்று ஒருவர். தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை. அயப்பாக்கத்தில் தலைமுறை தலைமுறையாக விவசாயம் செய்த குடும்பம். நிலமெல்லாம் வீட்டுமனையாகிப் போன பிறகு கம்பெனிக்கு வந்தவர். எங்கள் எல்லாரையும்விட நல்ல உடல்வலு. மணல் பையைத் தூக்கிக்கொண்டு தொட்டியின் மேல் ஏறிவிட்டு, மூச்சு வாங்காமல் கீழே வந்து பீடி பற்றவைப்பார். மூன்று வருஷமாகப் பெயர் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் ஃபோர்மேன் லீவு தர மறுத்துவிட்டார். நாலாவது வருஷம் நானே போய்ப் பேசி வாங்கிக் கொடுத்தேன். "செங்கல்பட்டத் தாண்டிப் போனதில்ல சார் நானு. இந்தவாட்டி போயே தீரணும்" என்றார். மனசுக்கான குவியலில் அவர் எடுத்துக்கொண்டது வெற்றிலைப் பொட்டலம்.

எழும்பூரில் ரயிலேறி, கொடை ரோடில் இறங்கி, பஸ் பிடித்து மேலே போனோம். காட்டுக்குள் எங்களோடு வனத்துறை வாட்சர் ஒருவர் வந்தார். முதல் நாள் வெயில். இரண்டாம் நாள் வனத்துறையின் தகரக் கொட்டகை ஒன்றில் தங்கினோம். தை மாதத்தில் வராத மழை அன்று வந்தது. விடிந்தும் தூறிக்கொண்டிருந்தது. நடந்து ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் காவி நிறத்தில் ஓடியது.

வாட்சர் ஒரு குச்சியைத் தண்ணீரின் ஓரத்தில் நட்டுவைத்துவிட்டு, ஒதுங்கி நின்று பீடி குடித்தார். பீடி முடிவதற்குள் குச்சியைச் சுற்றித் தண்ணீர் ஏறியிருந்தது.

"முழங்காலத் தாண்டி ஏறிக்கிட்டிருக்கு சார். மேல இன்னும் பெய்யுது" என்றார்.

ஆற்றுக்கு அப்பால் புல்சரிவு மூடுபனிக்குள் ஏறிப் போவது தெரிந்தது. அதன் உச்சிதான் முகடு. அவ்வளவு பக்கம். ஆட்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"திரும்பிடலாம்" என்றேன்.

கோதண்டன்தான் பேசினார். "இன்னா சார் இது? எங்க ஏரில மதகு தொறந்தா இத்தவிட தண்ணி வரும். நாங்க அதுல நின்னுகினு மீன் புடிப்போம்."

"இது ஏரி இல்ல கோதண்டன். அடியில பாறை எப்படி இருக்குன்னு தெரியாது."

"நா போய்க் காட்டட்டா?"

"வேணாம். பேசி முடிவு பண்ணினதுதானே?"

"அம்பத்தூர்ல குந்திகினு பண்ண முடிவு சார் அது. மல மேல வந்து பாத்துட்டா சொன்னாரு ஜெகதீசன் சாரு?"

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்களைப் பை மாட்டச் சொல்லி நான் திரும்பினேன். பின்னால் கூச்சல் கேட்டது. கோதண்டன் பையோடு ஆற்றில் இறங்கியிருந்தார். தண்ணீர் தொடை வரை ஏறி இடுப்புக்கு வந்தது. நடுவில் ஒருமுறை சாய்ந்தார். எப்படியோ ஒரு பாறையைப் பிடித்து நிமிர்ந்து அக்கரை ஏறிவிட்டார். இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். எங்கள் பக்கத்தில் விசில் பறந்தது. அது போதும் என்பதுபோல இன்னும் இருவர் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கப் போனார்கள். நான் குறுக்கே போய் நின்றுகொண்டேன்.

"கோதண்டன் போகல? நாங்க போனா இன்னா?" என்று ஒருவர் என்னைத் தள்ளாத குறையாகக் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் மேலேயிருந்து ஒரு இரைச்சல் வந்தது. முறிந்த கிளைகளும் சருகும் நுரையும் சேர்ந்து ஒரு பெருக்கு இறங்கியது. கோதண்டன் பிடித்து நிமிர்ந்த பாறை கண்ணெதிரில் மூழ்கியது. இறங்கப் போனவர்கள் பின்வாங்கினார்கள். அக்கரையில் கோதண்டனின் கைகள் மெல்லக் கீழே வந்தன.

நாங்கள் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. அவர் வாய் அசைந்தது எங்களுக்குத் தெரிந்தது, குரல் வரவில்லை. அகலம் அதிகமில்லை, முகம் தெளிவாகத் தெரிகிற தூரம். கொஞ்ச நேரம் அங்குமிங்கும் நடந்தார். பிறகு கரையோரம் வந்து ஒரு காலைத் தண்ணீரில் வைத்தார். திரும்பி வரப் பார்க்கிறார் என்று புரிந்துவிட்டது. இறங்கியிருந்தால் அவ்வளவுதான். நான் கைகளை ஆட்டினேன். உட்கார், உட்கார் என்று காட்டினேன். புரிந்ததோ இல்லையோ, அவர் காலை எடுக்கவில்லை. வேறு என்ன செய்வது என்று தெரியாமல், நான் என் பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, அவருக்கு நேர் எதிராக ஒரு பாறைமேல் சப்பணமிட்டு உட்கார்ந்தேன்.

கோதண்டன் என்னையே பார்த்தார். காலை வெளியே எடுத்தார். பையைக் கழற்றினார். அவரும் உட்கார்ந்தார்.

மற்றவர்களை வாட்சரோடு கொட்டகைக்கு அனுப்பிவிட்டேன். லேத் மெஷினில் டர்னராக இருந்த சேவியரை மட்டும் என்னோடு வைத்துக்கொண்டேன். கயிறு கட்டுவதில் அவர் கெட்டிக்காரர். அன்று பகல் முழுவதும் ஆற்றின் அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் இருவருமாக உட்கார்ந்திருந்தோம். தூறல் விடவில்லை. நான் பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்துத் தலைமேல் போர்த்திக் காட்டினேன். அவர் தன் ஷீட்டை எடுத்துப் போர்த்தினார். நான் அவலை எடுத்து வாயில் போட்டுக் காட்டினேன். அவரும் பொட்டலத்தைப் பிரித்தார். ஜெகதீசன் சாரோடு நான் போட்ட சண்டை அப்போது நினைவுக்கு வந்தது. அவர் மட்டும் விட்டுக்கொடுத்திருந்தால் கோதண்டனின் பையில் அன்று அரிசி மட்டுமே இருந்திருக்கும்.

கோதண்டன் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. சேவியர், "கல்யாண ஊட்டுக்கு வந்தவன் மாரி குந்திகினு கீறான் பாரு சார்" என்றார். சிரித்து முடித்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் எழுந்து காலை நீட்டினால் கோதண்டன் பதறி எழுந்து நிற்பார். அதைக் கவனித்த பிறகு நான் எழுந்திருக்கவே இல்லை. சேவியர்தான் டீ போட்டார், கயிற்றை முடிச்சுப் போட்டுத் தயார் செய்தார். என் கால் மரத்துப்போய் எனக்குச் சொந்தமில்லாதது போல ஆகிவிட்டது. இந்த முழங்கால் வலியின் ஆரம்பம் அன்றுதான் என்று என் மனைவி இப்போதும் சொல்வாள். இருக்கலாம்.

மத்தியானத்துக்கு மேல் மழை நின்றது. முதலில் மூழ்கிய பாறையின் தலை தெரிந்தது, பிறகு தோள் தெரிந்தது. வெளிச்சம் இருக்கும்போதே தண்ணீர் முழங்கால் அளவுக்கு வடிந்துவிட்டது. கயிற்றில் கல்லைக் கட்டி வீசினோம். சில முறை தவறி, கடைசியில் போய்ச் சேர்ந்தது. கோதண்டன் அதைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். இந்தப் பக்கம் மரத்தைச் சுற்றிப் போட்டுச் சேவியர் பிடித்துக்கொண்டார். ஆற்றின் நடுவில் கோதண்டனின் ஒரு ஷூ போய்விட்டது. கரையேறியதும் அவரால் நிற்க முடியவில்லை. பல் கிட்டியது. நான் அவர் கைகளைத் தேய்த்துவிட்டேன்.

"டீ கீதா சார்?" என்று கேட்டார். முகடு ஏறாமல் திரும்பினோம்.

கம்பெனிக்கு வந்ததும் ஜெகதீசன் சார் என்னையும் கோதண்டனையும் அறைக்குக் கூப்பிட்டார். நடந்ததை நான் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கோதண்டனைப் பார்த்து, "அந்தப் பக்கம் நின்னப்ப என்ன தோணுச்சு?" என்றார்.

"திரும்பிக் குதிச்சிரலாம்னு தோணிச்சி சார்."

"ஏன் குதிக்கல?"

"இவுரு குந்திட்டாரு சார்."

ஜெகதீசன் சார் மூச்சை இழுத்துக்கொண்டார். "சரி, போ. உடம்பைப் பாத்துக்க. இனிமே மலைக்குப் பேர் குடுக்க வேண்டாம்" என்றார். திட்டவில்லை. அதனால்தானோ என்னவோ, கோதண்டனின் முகம் செத்துவிட்டது.

அவர் போன பிறகு நான் கெஞ்சினேன். "சார், புத்தி வந்திருக்கும். இன்னொரு வாய்ப்பு குடுக்கலாம். அவர் மேல கோபப்படாதீங்க."

"கோபமே இல்லப்பா. அவன் இனி தண்ணியில கால் வைக்க மாட்டான். எனக்குத் தெரியும். ஆனா அவன் அங்க இருந்தா மத்தவங்க ஆத்தைப் பாக்க மாட்டாங்க, அவனைப் பாப்பாங்க. அன்னைக்கு ரெண்டு பேரு எறங்கப் போனாங்கன்னு நீயே சொன்னியே."

அவர் சொன்னது சரி. சரியாக இருந்தது என்பதால் அது லேசாகிவிடவில்லை.

நான்தான் தடுத்துவிட்டேன் என்று கோதண்டன் நினைத்துக்கொண்டார். கேண்டீன் வரிசையில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். விளக்கிச் சொல்ல ஒருமுறை போனேன். "பரவால்ல சார்" என்று சொல்லி நகர்ந்துவிட்டார். அடுத்த வருஷம் அந்தப் பாதைக்கு வனத்துறை அனுமதி தரவில்லை. அதற்குப் பிறகும் தரவில்லை. வேறு மலைகளுக்குப் போனோம். ஒவ்வொரு தடவையும் ஆட்கள் எல்லாரும் திரும்பி வந்து, அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேரும் வரை எனக்குச் சோறு இறங்காது. மலையை ரசித்தேனா என்று கேட்டால் தெரியவில்லை. தலைகளை எண்ணிக்கொண்டே இருந்தேன். ஜெகதீசன் சார் ஓய்வு பெற்று மகனோடு கோயம்புத்தூர் போனார். அங்கேயே காலமானார். தொண்ணூறுகளின் கடைசியில் கம்பெனியை மூடினார்கள். நீல அச்சுகளைப் பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போட்டார்கள். எனக்கு வருத்தப்படக்கூட அலுப்பாக இருந்தது.

அதற்கடுத்த வருஷமோ என்னவோ, ஒரு சாயங்காலம் ஆவடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் கோதண்டனைப் பார்த்தேன். காக்கிச் சட்டை போட்டிருந்தார். அம்பத்தூருக்கு அந்தப் பக்கம் பாடியில் ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலையாம். நான் தயங்கினேன். அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். குடும்பம், பிள்ளைகள் என்று பேச்சு போயிற்று. ரயில் தாமதம் என்று அறிவித்தார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்.

"சார், மலையில அந்தாண்ட இன்னா பாத்தன்னு நம்ம ஆளுங்க கேக்காத நாள் இல்ல. மேல ஏறிக் கேரளாவப் பாத்தேன்னு உட்டேன் கத. யானக் கூட்டமே பாத்தேன்னு சொல்லிக்கினு திரிஞ்சேன்."

"நெஜமா என்ன பாத்தீங்க?"

"ஒன்னியும் பாக்கல சார். ஒரே பனி. எங்க ஏறிப் போறது? நா எழுந்து போற நேரம் பாத்து நீங்களும் எழுந்து போயிட்டீங்கன்னா?" டம்ளரை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினார். "நாள் பூரா உங்க மூஞ்சியத்தான் பாத்துகினு கெடந்தேன்."

ரயில் வந்தது. அவருக்கு இரவு டூட்டி. "வரேன் சார்" என்று ஏறிக்கொண்டார். அந்தப் பயணத்தில் எதைப் பார்த்தேன் என்று என்னைக் கேட்டால், நானும் அவர் முகத்தைத்தான் சொல்வேன்.